சுனை, மூங்கில், சாடி

அகநானூற்றின் இரண்டாம் பாடலில் ஓர் ஆண்குரங்கு மயங்கித் தூங்குகிறது. பாடியவர் கபிலர். மலைச்சாரலில் வாழை குலை தள்ளிப் பழுத்திருக்கிறது, அருகே பலா. பழங்களும் சுளைகளும் பாறைச் சுனையில் விழுந்து ஊறிக் கிடக்க, சுனைநீரே தேறலாகிவிடுகிறது. அது தேறல் என்று தெரியாமல் குரங்கு குடிக்கிறது. பக்கத்தில் மிளகுக்கொடி படர்ந்த சந்தன மரம் நிற்கிறது. அதில் ஏறப் போகாமல், மணக்கும் பூக்களின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறது. இதைத் தோழி தலைவனிடம் சொல்கிறாள். உன் மலையில் விலங்குக்குக்கூட நினையாத இன்பம் தானாக வந்து சேர்கிறது, நீ நினைத்த இன்பம் உனக்கு அரிதாகுமா என்று கேட்கிறாள்.

காதல் பேசும் கவிதைதான். ஆனால் அதற்குள் ஓர் இயற்கை அறிவியல் குறிப்பும் இருக்கிறது. மனிதக் கை எதுவும் படாமல், பானையோ அடுப்போ இல்லாமல், பழம் மதுவாகிறது என்று கபிலர் சொல்கிறார். அது நடக்கக்கூடியதுதானா? எவ்வளவு பழம், எவ்வளவு நீர், எத்தனை நாள் வேண்டும்? அந்தக் குரங்குக்கு அப்படி மயக்கம் வருமா?

கபிலர் அந்தப் பாட்டில் எந்த மலையையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விகளோடு போவதற்குக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக, 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால், கபிலர் பட்டியலிட்ட மரங்களும் கொடிகளும் இன்றும் கிட்டத்தட்ட அதே வரிசையில் நிற்கின்றன. மலைவாழை, பலா, மிளகு. சந்தனத்துக்குப் பதில் பல தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பலா இங்கே புதிதாக வந்ததும் இல்லை. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைக் காரி என்னும் மன்னன் கொன்று அம்மலையைச் சேரருக்குக் கொடுத்த செய்தியைச் சொல்லும் கல்லாடனார், அகநானூறு 209ஆம் பாடலில், கொல்லியைப் பலாவின் வளத்தை வைத்தே அடையாளம் காட்டுகிறார். கோடையில் சோளக்காடு சந்தைப் பக்கம் நின்றால் காற்றில் பலாவும் அன்னாசியும் கலந்து வீசும். அந்த வாசத்தின் அடியில், கூர்ந்து முகர்ந்தால், லேசான கள் நெடி இருக்கும். அடிபட்ட பழங்களில் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

அந்த வேலையைச் செய்வது ஈஸ்ட். ஒற்றைச் செல் பூஞ்சை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறு, இருநூறு செல்களை வரிசையாக அடுக்கலாம். பழச்சாறு பொங்குவது உயிருள்ள ஒன்றின் செயல் என்பதை 1837ஐ ஒட்டி மூன்று பேர் தனித்தனியாகக் கண்டார்கள்: பிரான்சில் கன்யார் த லா தூர், ஜெர்மனியில் ஷ்வான், கியூட்சிங். அன்றைய பெரிய வேதியியலாளர்கள் நம்ப மறுத்தார்கள். லூயி பாஸ்டர் 1850களின் இறுதியில் தொடங்கிய சோதனைகள்தான் வாதத்தை முடித்தன. பிறகு 1897இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட் செல்களை அரைத்து, உயிரில்லாத சாற்றை மட்டும் சர்க்கரையில் விட்டார். அதுவும் நொதித்தது. செல்லுக்குள் இருக்கும் நொதிகளே வேலைக்காரர்கள் என்று தெரிந்தது. 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கு எளிமையானது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்தால் இரண்டு ஆல்கஹால் மூலக்கூறும் இரண்டு கரியமில வாயு மூலக்கூறும் வரும். எடையில் பார்த்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 100 கிராம் சர்க்கரையிலிருந்து 51 கிராம் ஆல்கஹால், 49 கிராம் வாயு. அந்த 49 கிராம் வாயு அறையின் வெப்பத்தில் சுமார் 27 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். நொதிக்கும் சாற்றை இறுக மூடிய பாட்டில் வெடித்துச் சிதறுவது இதனால்தான்.

இப்போது சுனைக்கு வருவோம். பாறைக் குழி ஒன்றில், கோடையில் வற்றியது போக, 20 லிட்டர் தண்ணீர் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே நிற்கும் மரத்திலிருந்து நன்றாகப் பழுத்த பெரிய பலாப்பழம் ஒன்று விழுந்து உடைகிறது. 15, 20 கிலோ பழத்தில் சுளை ஏறக்குறைய 5 கிலோ தேறும். பழுத்த சுளையில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை. ஆக, குழிக்குள் ஒரு கிலோ சர்க்கரை கரைகிறது. அது முழுதும் நொதித்தால் சுமார் 600 மில்லிலிட்டர் ஆல்கஹால் கிடைக்கும். நீரில் அது 2 சதவீதத்தைத் தாண்டும். கபிலர் வாழைக்குலையையும் சேர்த்திருக்கிறார். பத்துக் கிலோ குலை ஒன்றின் சதையில் இன்னொரு கிலோ சர்க்கரை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 3, 4 சதவீதத்தைத் தொடலாம். கள்ளுக்கு வெகு தூரமில்லை. காற்றில் ஆவியாவதும் பாக்டீரியா தின்பதும் கொஞ்சம் குறைக்கும். கபிலரின் சுனை இதைவிடப் பெரியது, ஆகவே அதற்கு அதிகப் பழம் வேண்டும். பழம் உதிர்ந்துகொண்டே இருக்கும் சாரலில் அது அரிதில்லை. பாடலில், பழத்தை உண்பவர்களே திகட்டிப்போய் ஒதுக்கும் அளவுக்கு விளைச்சல் இருக்கிறது. அந்த மிகுதி இல்லாமல் சுனை தேறலாகாது. கபிலர் அதைப் போகிற போக்கில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

சர்க்கரை இருக்கிறது, நீர் இருக்கிறது. ஈஸ்ட் எங்கிருந்து வரும்? காற்றில் மிதந்து வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆராய்ந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. மது உண்டாக்குவதில் வல்ல சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற இனம் முழுப் பழத்தின் தோலில் மிக அரிது. இத்தாலியில் திராட்சைத் தோட்டங்களில் தேடியவர்கள், காயம் படாத ஆயிரம் பழங்களில் ஒன்றில்தான் அதைக் கண்டார்கள். தோல் கிழிந்த பழங்களில் நாலில் ஒன்றில் இருந்தது. யாரோ கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு 2012இல் அந்த ஆட்களில் ஒருவரைக் காட்டியது: குளவி. குளவியின் குடலுக்குள் ஈஸ்ட் குளிர்காலத்தைக் கழிக்கிறது. தாய்க்குளவி புழுக்களுக்கு இரை ஊட்டும்போது ஈஸ்டும் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பிறகு ஒரு பழத்தைக் கடிக்கும்போது காயத்துக்குள் இறங்குகிறது.

பழ ஈக்களும் சுமக்கின்றன. சும்மா சுமப்பதில்லை, கூலி பெற்றுச் சுமக்கின்றன. ஈஸ்ட் செல் ஆல்கஹாலோடு சேர்த்து எஸ்டர்கள் என்னும் வாசனைப் பொருள்களையும் உண்டாக்குகிறது. பழுத்த வாழையில் தூக்கலாக வருகிற வாசம் அவற்றில் ஒன்று. பெல்ஜியத்தில் கெவின் வெர்ஸ்ட்ரேப்பன் குழுவினர் இந்த வாசத்துக்குக் காரணமான ஒரே ஒரு மரபணுவை ஈஸ்டிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். ஈக்களுக்கு அதன் மேல் இருந்த நாட்டம் குறைந்துபோனது; ஈஸ்ட் பரவுவதும் குறைந்தது. தனக்குக் காலில்லாத உயிர், வாசம் வீசி வண்டி பிடிக்கிறது.

சுனைக்குள் முதலில் பெருகுவது சாக்கரோமைசிஸ் அல்ல. பழத்தோலில் ஏற்கெனவே மொய்த்திருக்கும் வேறு ஈஸ்டுகள் முதல் நாள், இரண்டாம் நாளில் ஆடித் தீர்க்கின்றன. ஆல்கஹால் 4, 5 சதவீதத்தை நெருங்கும்போது அவற்றுக்கு மூச்சு முட்டும். அப்போதுதான் எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்த சாக்கரோமைசிஸ் மேலெழும்பி மிச்ச சர்க்கரையைத் தன்வசமாக்கும். மலையின் குளிரும் இங்கே ஒரு கை கொடுக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் இறங்கும். நாமக்கல் வெயிலில் இரண்டே நாளில் நுரைத்துப் புளித்துவிடும் சாறு, கொல்லிமலை மேலுள்ள செம்மேட்டின் குளிரில் நிதானமாக நொதிக்கும். நிதானமாக நொதித்தால் வாசம் அதிகம் தங்கும்.

ஈஸ்ட் ஏன் மது செய்கிறது என்பது எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வியப்பு. ஆக்சிஜனோடு சேர்த்து ஒரு குளுக்கோஸை முழுதாக எரித்தால் செல்லுக்கு 30 அலகு அளவுக்கு ஆற்றல் கிடைக்கும். நொதிக்கச் செய்தால் 2 அலகுதான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு வழியில்லை, சரி. ஆனால் சாக்கரோமைசிஸ் தாராளமாகக் காற்று இருக்கும்போதும், சர்க்கரை நிறைய இருந்தால், நொதிக்கத்தான் செய்கிறது. கையில் இருக்கும் செல்வத்தை வாரி இறைப்பது போலத் தெரிகிறது. ஆனால் அது இறைத்துப் போட்ட ஆல்கஹால் மற்ற நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. போட்டியாளர்கள் எல்லாம் ஒழிந்தபின், அதே ஈஸ்ட் இன்னொரு நொதியை இயக்கி, தான் செய்து வைத்த ஆல்கஹாலையே நிதானமாக உண்ணத் தொடங்குகிறது. இறைத்ததாகத் தெரிந்தது உண்மையில் சேமிப்பு.

இந்தத் தந்திரத்துக்கு வயது இருக்கிறது. செய்யும் நொதி, உண்ணும் நொதி இரண்டும் ஒரே மூதாதை மரபணுவின் இரட்டைகள். ஸ்டீவன் பென்னர் குழுவினர் 2005இல் அந்த மூதாதை நொதியைக் கணித்து ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கினார்கள். அது ஆல்கஹாலை உண்டாக்கும் பக்கமே சாய்ந்திருந்தது. இரட்டை பிரிந்தது சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. டைனோசர்கள் நடமாடிய காலம்; சதைப்பற்றுள்ள பழங்கள் உலகில் பெருகத் தொடங்கிய காலமும் அதுதான். பழம் வந்தது, பழத்தைக் காக்க மது வந்தது. மனிதன் வருவதற்கு இன்னும் வெகுகாலம் இருந்தது.

குரங்கைப் பார்ப்போம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டட்லி 2000ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். பழுத்த பழத்தில் எப்போதும் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு, அதன் வாசத்தைப் பிடித்துப் பழத்தைக் கண்டடைந்த நம் முன்னோர்களிடமிருந்தே நமக்கு அதன் மேல் நாட்டம் வந்தது என்றார். பனாமாவில் ஒரு பனைவகைப் பழத்தை அவர் அளந்தார். மரத்தில் பழுத்துத் தொங்கியதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மிகக் கனிந்து அழுகும் தறுவாயில் இருந்ததில் 4.5 சதவீதம். மலேசியக் காட்டில் இறகு போன்ற வால் கொண்ட, மூஞ்சூறு போன்ற ஒரு விலங்கு, பெர்ட்டாம் பனையின் நொதித்த பூந்தேனை இரவுதோறும் குடிக்கிறது என்று 2008இல் வந்த ஆய்வு காட்டியது. அந்தத் தேனில் 3.8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தது. அவ்வளவு குடித்தும் அது தள்ளாடுவதில்லை.

கபிலரின் குரங்கு மட்டும் ஏன் மயங்கியது? இதற்கு மரபணுவில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. வாயிலும் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் ஆல்கஹாலை உடைக்கும் ஒரு நொதி உண்டு. மனிதன், சிம்பன்சி, கொரில்லா மூவருக்கும் பொதுவான மூதாதையிடம், சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த நொதியில் ஒரே ஒரு எழுத்து மாறியது. அந்த ஒரு மாற்றத்தால் ஆல்கஹாலை உடைக்கும் திறன் 40 மடங்கு கூடியது என்று மாத்யூ கேரிகன் குழுவினர் 2014இல் கண்டார்கள். மரத்திலிருந்து தரைக்கு இறங்கி, உதிர்ந்து புளித்த பழங்களைத் தின்னத் தொடங்கிய காலத்தோடு இது ஒத்துப்போகிறது. நம் மலைகளின் நாட்டுக்குரங்கு இந்தக் கிளையைச் சேர்ந்ததன்று. சுனையில் குனிந்து வயிறு நிறையக் குடித்த கடுவனின் இரைப்பையில் அந்த முதல் காவல் பலவீனமானது. ஏழெட்டுக் கிலோ எடையுள்ள உடம்பு வேறு. மரத்தில் ஏறாமல் பூவின் மேல் படுத்ததில் அறிவியலுக்கு எந்த மறுப்பும் இல்லை.

சுனையில் நடப்பது எளிது, ஏனென்றால் பழம் ஈஸ்டுக்கு எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கிறது. எளிய சர்க்கரை, நீர், கெடுக்கும் பாக்டீரியாவைத் தள்ளி வைக்கும் புளிப்பு. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து, இன்று கொல்லிமலையின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்ட அன்னாசி இந்த மூன்றிலும் நிறைவானது. குளிர்நாடுகளில் ரூபார்ப் என்ற செடியின் சிவந்த தண்டைக் கொண்டு வீட்டில் சைடர் செய்கிறார்கள். அதில் புளிப்பு மிகுதி, சர்க்கரையோ நூற்றுக்கு ஒரு கிராம் அளவுதான். அதனால் சர்க்கரையையோ ஆப்பிள் சாற்றையோ வெளியிலிருந்து ஊற்றினால்தான் ஈஸ்டுக்கு வேலை கிடைக்கும். அன்னாசிக்கு அது தேவையில்லை. சாற்றில் 13 சதவீதம் சர்க்கரை இருந்தால் ஆல்கஹால் தானாகவே 7 சதவீதத்துக்கு அருகில் போய் நிற்கும்.

தேனின் கதை வேறு. கொல்லிமலையில் தேனுக்குக் குறைவில்லை. தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை. ஈஸ்டும் அதற்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நொதிப்பதில்லை. தேனீக்கள் பூந்தேனைக் கொண்டுவரும்போது அதில் பெரும்பங்கு நீர். இறக்கையால் விசிறி விசிறி, நீரை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே மெழுகால் மூடுகின்றன. அவ்வளவு அடர்ந்த இனிப்பு, தனக்குள் விழும் செல்லிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிடும். தேன் கெடாமலிருப்பது இந்த வறட்சியால். மழைக்காலத்தில் எடுத்த தேனும், நீர் 25 சதவீதத்தைத் தாண்டும் கொசுத்தேனீயின் தேனும் புளித்துப் பொங்குவதைத் தேன் எடுப்பவர்கள் நன்றாக அறிவார்கள். நீரைச் சேர்த்துவிட்டால் ஈஸ்ட் விழித்துக்கொள்கிறது.

பழந்தமிழ் மலைமக்கள் இதைத் தெரிந்து பயன்படுத்தினார்கள். தேனால் செய்த தேறலை மூங்கில் குழாயில் விளையவைத்து, சுற்றத்தோடு குடித்துக் குறவர்கள் ஆடுவதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. மலைபடுகடாமிலும் மூங்கிலில் முற்றிய தேறல் உண்டு. மூங்கில் ஏன்? கைக்குக் கிடைத்த குழாய் என்பது ஒரு காரணம். இன்னொன்று அதன் வடிவம். கணு அடியை அடைக்கிறது, வாய் குறுகலாக இருக்கிறது. நொதிக்கும்போது எழும் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. குறுகிய குழாயில் அது திரவத்தின் மேல் படலமாகத் தங்கி, வெளிக்காற்றை உள்ளே விடாது. காற்று கிடைத்தால்தான் மதுவைக் காடியாக்கும் பாக்டீரியா வாழும். அகன்ற பானையில் சில நாளில் காடியாகிவிடும் தேறல், மூங்கிலில் தாக்குப்பிடித்து முதிர முடிந்தது. ஒருமுறை பயன்படுத்திய குழாயின் உட்சுவரில் ஈஸ்ட் ஒட்டிக்கொண்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கவும் வாய்ப்புண்டு. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் ஈஸ்டை மரவளையங்களில் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது இதே உத்தி.

மூன்றாவது தானியம். இதுதான் மிகக் கடினம். சாமை, தினை, கேழ்வரகு, நெல் எல்லாவற்றிலும் இருப்பது மாவுச்சத்து. அது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட சங்கிலி. ஈஸ்டுக்கு அந்தச் சங்கிலியை அறுக்கும் நொதி கிடையாது. சாதத்தின் நடுவே ஈஸ்டைப் போட்டாலும் அது பசியில் வாடும். உலக மக்கள் இதற்கு மூன்று வழிகள் கண்டார்கள். தென் அமெரிக்காவில் மக்காச்சோளத்தை வாயில் மென்று துப்பி, எச்சிலின் அமைலேஸ் நொதியைக் கொண்டு அறுத்தார்கள். சீனத்திலும் ஜப்பானிலும் பூஞ்சணத்தை வளர்த்தார்கள். மூன்றாவது வழி, விதையையே ஏமாற்றுவது. ஈரம் பட்ட விதைக்குள் கரு விழித்து ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. மாவைச் சுற்றியிருக்கும் படலம் அந்தச் செய்தியைப் பெற்று அமைலேஸைச் சுரக்கிறது. மாவுச்சத்து சர்க்கரையாகி, முளைக்கு உணவாகப் போகிறது. அந்தத் தருணத்தில் முளையைக் காயவைத்து இடித்துவிட்டால், அமைலேஸ் நம் கையில்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இந்தச் செய்முறையைப் படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் கொட்டி ஆறவைக்கிறார்கள். புற்றாஞ்சோறு போலத் தோன்றும் ஒன்றை அதில் கலக்கிறார்கள். இடித்த நெல்முளை என்று உரைகள் விளக்குகின்றன. பிறகு வலிய வாயுள்ள சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. ஒவ்வொரு படியும் காரணத்தோடு நிற்கிறது. சமைத்தால்தான் மாவுச்சத்தின் இறுக்கம் குலைந்து நொதிக்கு வழி கிடைக்கும். ஆறவைக்காமல் கலந்தால் கொதிசூட்டில் அமைலேஸ் செத்துவிடும். முளை சர்க்கரையைத் தர, ஈஸ்ட் அதை மதுவாக்க, இரண்டும் ஒரே சாடியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஹார்மோனையும் நொதியையும் யாரும் கண்ணால் பார்த்திராத காலத்தில், ஆறவைக்க வேண்டும் என்று எவ்வளவு பேர் எவ்வளவு காலம் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள்! இலக்கிய வகுப்பில் விருந்தோம்பல் என்று ஒரு சொல்லில் கடந்துவிடும் இந்த வரிகளை வேதியியல் வகுப்பிலும் நடத்தலாம்.

முளையின் ஆற்றலை வீட்டிலேயே பார்க்க முடியும், மது எதுவும் இல்லாமல். கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவில் ஒரு கரண்டி கலக்கிப் பாருங்கள். கரண்டி நிற்கும் கஞ்சி கொஞ்ச நேரத்தில் நீர்போல் ஓடும், லேசாக இனிக்கவும் செய்யும். சிறுதானியங்களில் கேழ்வரகு முளைக்கு இந்த வலு அதிகம். குழந்தைகளுக்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு கொடுக்கும் வழக்கத்தின் பின்னால் இருப்பதும் இதே அமைலேஸ்தான். வயிறு சிறிதாக இருக்கும் பிள்ளைக்கு நீர்த்த கஞ்சியிலேயே நிறைய சத்து போய்ச் சேர்கிறது. கேழ்வரகுக் கூழ் இரவில் புளிப்பதோ வேறு கூட்டத்தின் வேலை. லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகிறது.

வீட்டில் மது காய்ச்சுவதும் பழத்தை நொதிக்கவைத்து மதுவாக்குவதும் தமிழ்நாட்டில் குற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதில் கொல்லிமலைக்குத் தனி வரலாறு உண்டு. ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. கொல்லிமலை அப்போது சேலத்தைச் சேர்ந்தது. 1997இல்தான் நாமக்கல் தனி மாவட்டமானது. அந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் உயிரோடிருக்கிறது. கள்ளுக்கும் 1987 முதல் தடை.

கள்ளச்சாராய மரணங்களைப் பற்றிப் பேசும்போது நொதித்தலையும் விஷத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். கொல்லிமலைக்கு வடக்கே கல்வராயன் மலை. அதன் அடிவார ஊர்களைக் கொண்ட கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொன்றது மெத்தனால். பழத்தின் பெக்டின் உடையும்போது மெத்தனால் துளியளவு உண்டாவது உண்மை. கூட்டம் கூட்டமாகச் சாவு நிகழ்த்தும் அளவு, தொழிற்சாலைகளுக்கான மெத்தனால் கலக்கப்படுவதால் வருகிறது. எத்தனாலை உடைக்கும் அதே வகை நொதி மெத்தனாலையும் உடைக்கிறது, ஆனால் வருவது பார்மால்டிஹைடு, பிறகு பார்மிக் அமிலம். அந்த அமிலம் செல்லின் மூச்சை நிறுத்துகிறது. அதிக ஆக்சிஜன் கேட்கும் பார்வை நரம்பு முதலில் விழுகிறது. கண் மங்குகிறது என்று சொன்னவுடனேயே மருத்துவமனைக்குப் போனால், அந்த நொதியைத் தடுக்கும் மருந்தால் உயிரையும் பார்வையையும் காக்க வாய்ப்புண்டு. விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. நொதியின் பெயர் தெரியாவிட்டாலும், கண் மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு ரகங்களைக் காக்க அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களோடு உழைத்து, ஊர்களில் விதை வங்கிகளை உருவாக்கியிருக்கிறது. அந்தத் தானியங்களின் மேலும், பலாச்சுளையின் மேலும், குளவியின் வயிற்றிலும் வாழும் ஈஸ்டுகளும் மலையின் சொத்துதான். உலகெங்கிலும் இருந்து சேகரித்த 1,011 ஈஸ்ட் வகைகளின் முழு மரபணுத் தொகுதியை 2018இல் வெளியிட்டபோது, மிகப் பழமையான கிளைகள் சீனத்துக் காடுகளிலும் தைவானிலும் இருப்பது தெரிந்தது. மரபணுவில் ஊர் எழுதப்பட்டிருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துக் காட்டிலும், ஆகாயகங்கை அருவிப் பாறைகளிலும், சோளக்காட்டுப் பலாத் தோட்டங்களிலும் அப்படித் தேடுவது ஒரு கல்லூரி ஆய்வகத்தால் முடிகிற வேலை. மரப்பட்டைச் சீவலையோ உடைந்த சுளையையோ கிருமி நீக்கிய குழாயில் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைக் கரைசலில் 7, 8 சதவீதம் எத்தனாலையும், பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்தையும் கலந்து அதில் போட்டு, பத்து நாள் வைக்க வேண்டும். மற்றவை எல்லாம் மடிந்தபின் எஞ்சி நுரைப்பது, பெரும்பாலும், நாம் தேடும் சாக்கரோமைசிஸாக இருக்கும். பலா பழுக்கும் சித்திரையிலிருந்து ஆனி வரை இதைச் செய்வதற்கு நல்ல காலம்.